பம்ப்செட்டில் இருந்து லாரிக்கு வந்த வோல்ட் மீட்டர்

1980-களில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டெபிலைசர் நல்லா ஞாபகம் இருக்கும். டிவிக்குப் பக்கத்திலேயோ ஃப்ரிட்ஜ் மேலேயோ ஒரு தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் முகத்தில் சின்னதா ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு முள். சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் அந்த முள் 220-ல் இருந்து 180-க்கு இறங்கும். "வோல்டேஜ் கம்மியா இருக்கு, டிவியப் போடாத" என்று வீட்டில் யாராவது குரல் கொடுப்பார்கள்.

உங்க வீட்டை விட்டு அந்த முள் போய் ரொம்ப நாளாகியிருக்கும். எங்க பக்கம் இன்னும் போகவில்லை. மோட்டார் ரூமில் ஒன்று இருக்கிறது. என்னோட பழைய மினி லாரியில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. லாரியில் இருப்பது கம்பெனி வைத்துக் கொடுத்தது இல்லை. தனியாக வாங்கி, வயர் இழுத்து மாட்டியது. டவுனில் இருந்து வரும் நண்பர்கள் வண்டியில் ஏறினால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த முள் லாரிக்கு வந்த வழியில் நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கரண்டு வந்த வழி

தமிழ்நாட்டில் பெரிய அளவில் நீர் மின்சாரம் என்றால் முதலில் பைக்காரா. 1932-ல் நீலகிரியில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். கோயம்புத்தூர் மில்களுக்கு ஓடிய கரண்டு, கம்பி மேல் கம்பியாக நீண்டு மதுரைப் பக்கமும் வந்து சேர்ந்தது. 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப் பவர் ஹவுஸும் சேர்ந்துகொண்டது. அது எங்களுக்குத் தனியா ஒரு பெருமை. மதுரைக்கு வடக்கே வயல்களுக்குப் பாயும் பெரியாற்றுத் தண்ணி, மலையை விட்டு இறங்கும்போது அங்கே ஒரு தடவை டர்பைனைச் சுத்திவிட்டுத்தான் வருகிறது. ஒரே தண்ணி வாய்க்காலிலும் வருது, கம்பியிலும் வருது.

1957-ல் மெட்ராஸ் மின்சார வாரியம் வந்தபிறகு கிராமத்துக்கெல்லாம் லைன் வேகமாக இழுத்தார்கள். கமலை ஏற்றம் ஓய்ந்தது, கிணத்து மேட்டில் மோட்டார் ரூம் முளைத்தது. மோட்டாருக்குக் கோயம்புத்தூர் இருந்தது. அங்கேதான் ஜி.டி. நாயுடு 1937-ல் மின் மோட்டார் செய்து காட்டினார். அவர் தொழிலில் இறங்கியது பஸ்ஸில் என்பதைக் கவனிக்கணும். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஆரம்பித்த மனுசன். நம்ம ஊரில் பஸ் கதையும் மோட்டார் கதையும் ஆரம்பத்தில் இருந்தே ஒன்றுக்குள் ஒன்று.

மோட்டார் வந்தது, கூடவே அது கருகுவதும் வந்தது. பம்ப்செட் ஓடுவது மூணு பேஸ் கரண்டில். கணக்குப்படி 415 வோல்ட் வரணும். நாங்கள் வாய்ப்பேச்சில் நானூறு என்போம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் அது 350-க்கும் கீழே விழும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று டவுன்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. கிணத்துத் தண்ணியின் பாரம் குறையாதே. அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியரை உறிஞ்சும். ஆம்பியர் கூடினால் காயில் சூடாகும், ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். அரை மணி நேரத்தில் எனாமல் வாடை வரும். அந்த வாடை எங்க தலைமுறை விவசாயி ஒவ்வொருத்தர் மூக்கிலும் இருக்கிறது. காயில் கட்ட டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் நாலைந்து நாள். அதற்குள் கத்தரிச் செடி தலை தொங்கிவிடும்.

அதனால்தான் ஸ்டார்ட்டர் பலகையில் வோல்ட் மீட்டர் வந்தது. பச்சைப் பட்டனை அமுக்குவதற்கு முன்னாடி முள்ளைப் பார். 400-க்குப் பக்கத்தில் நின்றால் போடு. கீழே கிடந்தால் திண்ணையில் உட்கார். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்கள்கூட அந்த எண்களைப் படிப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். கிராமத்துக்கு வந்த மீட்டர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நாங்கள் எவ்வளவு கரண்டு எடுத்தோம் என்று எண்ணுகிற யூனிட் மீட்டர். அதை வைத்துத்தான் பில் வரும். அந்த மீட்டரின் பேரில் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. 1970-ல் யூனிட் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1972-ல் கோயம்புத்தூர் ரோடுகளை மாட்டு வண்டிகளாலேயே அடைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் கரண்டு இலவசம் ஆனது.

இன்னொன்று, எங்களுக்கு வருகிற கரண்டு எப்படி இருக்கு என்று எங்களிடம் சொல்கிற வோல்ட் மீட்டர். இதை நாங்களே காசு போட்டு வாங்கி மாட்டினோம். முதல் மீட்டர் எங்களை அளக்கும். இரண்டாவது மீட்டரால் நாங்கள் அளப்போம். லாரிக்குள் வந்தது இந்த இரண்டாவது சாதி.

பஸ் வந்த வழி

இப்போ அங்கிட்டு இருந்து வருவோம். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911, 1912 வாக்கில் மதுரையில் பஸ் தொழிலை ஆரம்பித்தார். மதுரையில் டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தைச் சரிபண்ணுவோம் என்று சொல்லாத பெரியவர் கிடையாது. அதே 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் செய்த எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரைக்கும் வண்டிக்குக் கரண்டு என்பது பெரிய தேவையே இல்லை. முன்னால் நின்று ஹேண்டில் அடித்து ஸ்டார்ட் செய்வார்கள். விளக்குக்குக் கார்பைடு கல்லில் தண்ணி சொட்டவிட்டு வரும் கேஸ். ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு போகும்.

செல்ஃப் வந்ததும் பேட்டரி கட்டாயம் ஆனது. ஈயத் தகடும் ஆசிடும் உள்ள பேட்டரியை பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே 1859-லேயே செய்துவிட்டார். அதில் எடுத்ததைத் திரும்ப நிரப்பணுமே, அதற்கு எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரிக் கரண்டு டைனமோவுக்குள் திரும்ப ஓடிவிடாமல் தடுக்க ஒரு கட்-அவுட். எடுப்பதும் நிரப்புவதும் சரியா நடக்குதா என்று டிரைவருக்குச் சொல்ல டேஷ்போர்டில் ஒரு முள்: ஆம்பியர் மீட்டர். நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குப் போகுது, இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரியில் இருந்து போகுது. பழைய லாரி டிரைவர்கள் அதைச் "சார்ஜ் முள்" என்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டிக் கரி வாயுவில் ஓட்டிய காலமும் உண்டு. அந்தக் கரி கேஸ் பிளான்ட் டி.வி.எஸ்-ஸிலும் செய்தார்கள். போருக்குப் பிறகு நம்ம நாட்டிலேயே வண்டி கட்ட ஆரம்பித்தோம். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அதுவே 1955-ல் அசோக் லேலண்ட். 1954-ல் டாடா, பென்ஸோடு சேர்ந்து லாரி கட்டியது. 1961-ல் பர்மிங்காம் லூகாஸும் மதுரை டி.வி.எஸ்-ஸும் கைகோர்த்து சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. டைனமோ, ஸ்டார்ட்டர், பிறகு ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கே இருந்து வர ஆரம்பித்தது.

புது வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதனால் ஒரு லாரி முப்பது வருஷம் ஓடணும், ஓடியது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்று, ஆர்மேச்சர் கருகினால் காயில் கட்டு. லாரி டைனமோவுக்குக் காயில் கட்டிய கைகளே பம்ப்செட் மோட்டாருக்கும் கட்டின. ஒரே பட்டறையில் ஒரு மூலையில் லாரி ஸ்டார்ட்டர், இன்னொரு மூலையில் ஐந்து ஹெச்.பி. மோட்டார். கமலையோடு நின்றுபோன ஒரு தலைமுறைக்கும் லாரி ஓட்டப் போன அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பட்டறைதான் பாலம்.

முள் காணாமல் போன கதை

1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரை வைத்தது. சிலிக்கான் டயோடு மலிவானதால் அது முடிந்தது. ஆல்டர்னேட்டர் சும்மா நிற்கும்போதுகூட ஓரளவு சார்ஜ் கொடுக்கும், கூடுதல் ஆம்பியரும் கொடுக்கும். நம்ம ஊர் வண்டிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதுவே வந்தது.

அதோடு ஆம்பியர் மீட்டருக்கு ஒரு சிக்கல். அது வேலை செய்யணும் என்றால் ஓடுகிற கரண்டு முழுக்க அதன் வழியாகவே போய் வரணும். வாய்க்கால் தண்ணியை அளக்க வாய்க்காலையே வீட்டுக்குள் திருப்பிவிடுகிற மாதிரி. டைனமோ காலத்தில் இருபது ஆம்பியர் போனது. ஆல்டர்னேட்டர் வந்து நாற்பது, ஐம்பது என்று ஆனதும், அந்தத் தடி வயரும் அதன் நட்டும் டேஷ்போர்டுக்குப் பின்னால் சூடாக ஆரம்பித்தன. ஒரு நட்டு லூஸானால் போதும், உள்ளே புகை. அதனால் கம்பெனிகள் அதைக் கழட்டியது நியாயம்தான்.

ஆனால் அந்த இடத்தில் பெரும்பாலும் வைத்தது வேறொரு முள் இல்லை, ஒரு சிவப்பு பல்ப். பேட்டரி படம் போட்ட பல்ப். சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும். மலிவு, சுலபம், யாருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டாம்.

அந்த பல்ப் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: ஆல்டர்னேட்டர் அடியோடு நின்றுபோச்சா, இல்லையா? பெல்ட் வழுக்கிப் பாதி சார்ஜ்தான் ஏறுது என்றால் பல வண்டிகளில் அது எரியாது. ஒரு டயோடு போனால் மங்கலாக மினுங்கும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி பேட்டரி கொதித்தாலும் பழைய வண்டிகளில் அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக, அந்த பல்ப்பே ஃபியூஸ் போயிருந்தால் எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும்.

பழைய டீசல் வண்டியில் இது இன்னும் மோசம். பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி வேணும், அதற்குக் கரண்டு வேணும். சார்ஜ் இல்லையென்றால் இருமி இருமி நின்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய டீசல் எஞ்சினில் பம்ப்பும் நாசிலும் மெக்கானிக்கல். கேபிளை இழுத்தால்தான் எஞ்சின் நிற்கும். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியே இல்லாவிட்டாலும் ஓடும். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. லைட் மட்டும் மெல்ல மெல்ல மங்கும். வோல்டேஜ் நூற்றுக்குப் பத்து குறைந்தால் பல்ப் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறையும். இருட்டுக்குக் கண் பழகிக்கொண்டே வருவதால் டிரைவருக்கு அது தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. இரண்டு ஹெட்லைட், ஹை பீமில் ஆளுக்கு 60 வாட். 12 வோல்ட்டில் அதுவே பத்து ஆம்பியர். பின் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு. 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காகிதக் கணக்கில் ஆறு மணி நேரம் தாங்கணும். இரண்டு மூணு வருஷம் ஓடிய பேட்டரியில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே அதிகம். வைப்பர் போட்டால், ஹாரன் அடித்தால் இன்னும் குறையும்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிறவர்கள் எல்லாம் ஓடுவது இந்த இருட்டு நேரத்தில்தான். ஒரு மாம்பழ சீசனில் எங்க பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நத்தத்தில் இருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு பல்ப் எரியவில்லை. வழியில் டீ குடிக்க ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். திரும்பச் சாவி போட்டால் செல்ஃபில் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீக்கடையை ஒட்டி நின்றதால் பிழைத்தார். நடு ரோட்டில் பின் லைட் இல்லாமல் நின்றிருந்தால், பின்னால் வரும் டூவீலர்காரனுக்கு ஏழு டன் கறுப்புச் சுவர் அது. பேப்பரில் "நின்றிருந்த லாரி மீது மோதி" என்று ஆரம்பிக்கும் செய்தி நீங்களும் படித்திருப்பீர்கள். அதில் வண்டி ஏன் நின்றது, ஏன் லைட் எரியவில்லை என்று பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

முள் திரும்பி வந்தது

அந்த அண்ணனின் வண்டியை எலக்ட்ரீசியனிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. எலக்ட்ரீசியன் அதை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏண்ணே, தோட்டத்துல மோட்டாரப் போடுறதுக்கு முன்னாடி என்ன பாப்பீங்க?"

"முள்ளப் பாப்போம்ப்பா."

"அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்கு முள்ளு பாக்குறீங்க. ராவுல ரோட்டுல ஓடுற வண்டிக்கு மட்டும் பல்ப நம்புவீங்களாக்கும்?"

அண்ணன் வண்டிக்கு அன்னைக்கே ஒன்று மாட்டினார்கள். அடுத்த வாரம் என் வண்டிக்கும் மாட்டச் சொன்னேன். எங்க பக்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் ஆறேழு பேரிடம் இப்போ இருக்கிறது.

வோல்ட் மீட்டருக்கு ஆம்பியர் மீட்டரின் ஆபத்து கிடையாது. அது வாய்க்காலைத் திருப்பாது. மடை ஓரத்தில் அளவுக்கல் நட்ட மாதிரி பக்கத்தில் நின்று பார்க்கும். அதன் வழியாகப் போவது துளிக் கரண்டு, மெல்லிசு வயர் போதும். உள்ளே இருக்கும் முள்ளின் சூட்சுமமும் பழசுதான். காந்தத்துக்கு நடுவில் கம்பிச் சுருள், கரண்டு போனால் திரும்பும். பிரான்ஸின் தார்சன்வால் 1882-ல் காட்டிய வழி. அதுக்கு முந்தின வருஷம் பாரிஸில் கூடிய மின்சார மாநாட்டில்தான் வோல்ட், ஆம்பியர் என்ற பெயர்களையே உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டது. 1800-ல் முதல் பேட்டரியைச் செய்த இத்தாலிக்காரர் வோல்ட்டாவின் பெயரைத்தான் மோட்டார் ரூமில் நாங்கள் தினமும் சொல்கிறோம்.

மாட்டும் விதத்தையும் எழுதிவிடுகிறேன், பழைய ஜீப்போ வேனோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழட்டணும். அதைக் கழட்டாமல் ஸ்பேனரைக் கொண்டுபோய் பிளஸ்ஸையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் ஸ்பேனரே வெல்டிங் ஆகிவிடும். மீட்டருக்கு மூன்று வயர். ஒன்று பிளஸ்: சாவி போட்டால் மட்டும் கரண்டு வருகிற இடத்தில் இருந்து எடுக்கணும். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த வயர் ஆரம்பிக்கும் இடத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ், இரண்டு மூணு ஆம்பியர் போதும். மீட்டர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. இரண்டாவது எர்த்: பெயின்ட் சுரண்டி, துரு இல்லாத இரும்பில் நட்டு போட்டு முடுக்கணும். முள் ஆடுவதற்குப் பாதிக் காரணம் இந்த எர்த்தாகத்தான் இருக்கும். மூன்றாவது மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்ப்புக்கு, பார்க்கிங் லைட் வயரில் இருந்து.

ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் மாதிரி கரண்டு நிறையக் குடிக்கும் வயரில் இருந்து பிளஸ் எடுத்தால் மீட்டர் எப்போதும் குறைத்தே காட்டும். பாதி வோல்டேஜை அந்த வயரே தின்றிருக்கும் என்று எலக்ட்ரீசியன் கேலி பண்ணுவார். மாட்டிய பிறகு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒத்துப் பார்ப்பது நல்லது. இரும்புச் சுவரில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது நம்ம ஊர்ப் பழக்கம். டேஷ்போர்டுக்குள் அந்தச் சூட்டில் டேப்பின் பசை உருகி கழன்றுவிடும். லக் வைத்து நசுக்கணும், இல்லாவிட்டால் ஈயம் வைக்கணும்.

வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து மீட்டர் வாங்கணும். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்து 24 வோல்ட். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதில் சிலவற்றில் பாடியில் சேர்ந்திருப்பது பேட்டரியின் பிளஸ். தெரியாமல் வயர் கொடுத்தால் முள் எதிர்ப்பக்கம் போய் முட்டும்.

இனி படிக்கிற கணக்கு, 12 வோல்ட் வண்டிக்கு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போட்டதும் 12.5 பக்கம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கு. 12-க்குக் கீழே என்றால் அது காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வரைக்கும் இறங்கலாம், 9-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு வயசாச்சு. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நிற்கணும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் பெல்ட்டை அமுக்கிப் பாருங்க, பிறகு பிரஷ். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும், பல்ப் எல்லாம் வரிசையாகப் போகும். ஓடும்போதே 12.4, 12.2, 12.0 என்று இறங்கினால் நீங்கள் பேட்டரியைத் தின்றுகொண்டு போகிறீர்கள். அப்போ எஞ்சினை அணைக்காமல், வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து, ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் போய் நிறுத்தணும். முள் தருவது அந்த ஒரு மணி நேர அவகாசம்தான். மாம்பழ லோடுக்கு அந்த ஒரு மணி நேரம் ரொம்பப் பெரிசு, பின்னால் வரும் டூவீலர்காரனுக்கு இன்னும் பெரிசு.

இப்போ சில நூறு ரூபாய்க்குச் சிவப்பு எண் காட்டும் டிஜிட்டல் மீட்டரே கிடைக்கிறது, செல்போன் சார்ஜரோடு சேர்த்தும் வருகிறது. அதுவும் நல்லதுதான். எனக்கு முள்தான் பிடிக்கும். எண்ணைப் படிக்க கண் ரோட்டை விட்டு வரணும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்பது ஓரக் கண்ணிலேயே தெரியும்.

இன்றைய புது வண்டிகளில் கதை வேறு. டீசல் எரிவதற்கே கம்ப்யூட்டர் வேணும். டீசலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் சார்ஜை ஏற்றுவதா இறக்குவதா என்று அதுவே முடிவு பண்ணும் வண்டிகளும் வந்துவிட்டன. அதில் முள் மாட்டினால் அது ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்துபோவீர்கள். இந்தப் பதிவு பழைய வண்டிகளுக்கானது. ஆனால் பழைய வண்டிகள்தான் இன்னும் கிராமத்தில் இருந்து காயையும் பூவையும் பாதி ராத்திரியில் டவுனுக்குக் கொண்டுவருகின்றன.

ஆனையூர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்னாலேயே வயல்கள் பிளாட் ஆக ஆரம்பித்திருந்தன. ஒரு மோட்டார் ரூம் இடிபடும்போது ஸ்டார்ட்டர் பலகை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போகும். அப்படி ஒன்று போகும்போது அதில் இருந்த வோல்ட் மீட்டரை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பார்த்த பையன் ஒருத்தன் "மாமா, இதையே லாரியில மாட்டிரலாமே" என்றான். முடியாது. அது ஏசி, 500 வோல்ட் வரைக்கும் காட்டுவது. வண்டி டிசி, வெறும் 12 வோல்ட், அதில் அந்த முள் அசையக்கூட அசையாது. அவனுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவன் கேட்ட கேள்வி: "அப்ப உங்க லாரி முள்ளு இப்ப எவ்வளவு மாமா காட்டுது?" கூட்டிக்கொண்டு போய்ச் சாவி போட்டுக் காட்டினேன். 12.6.